தேயிலையின் வருணங்கள்

வெள்ளை, பச்சை, கறுப்பு என்று தேயிலையை நிறத்தால் பகுத்துப் பேசுவது சீனர்களின் வழக்கம். அவர்களுக்கு அது செய்முறையைச் சுட்டும் ஒரு குறிப்பு மட்டுமே. நம்மிடம் வந்து சேர்ந்ததும் அது வருணமாகிவிட்டது. வெள்ளைத் தேநீர் அருந்துபவர் உச்சியில் இருக்கிறார். பச்சைத் தேநீர்க்காரர் அவருக்கு அடுத்த படியில். முழு இலையை வடித்துப் பாலின்றி அருந்துபவருக்கு நடுவில் ஓர் இடம். டஸ்ட் தூளைக் கொதிக்கவிட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்து, ஆற்றிக் குடிப்பவர் எல்லோருக்கும் கீழே. இந்த அடுக்கை யாரும் எழுதி வைக்கவில்லை; ஆனால் கல்லூரி ஆசிரியர் அறையிலும், இலக்கியக் கூட்டம் முடிந்து நண்பர்கள் கூடி நிற்கும் வாசலிலும் இது செயல்படுவதைக் காணலாம். "இப்போதெல்லாம் கிரீன் டீ மட்டும்தான்" என்று சொல்பவரின் குரலில் ஒரு துறவியின் நிறைவு தெரிகிறது. "எனக்குச் சாதா டீயே போதும்" என்பவர் ஏதோ குற்றம் செய்தவர்போலத் தணிந்து பேசுகிறார்.

இத்தகைய அடுக்கு தமிழருக்குப் புதிதன்று. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையை வாசித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். காப்பி எப்படி நடுத்தர வர்க்கத்தின் பண்பாட்டு அடையாளமாக உயர்ந்தது, தேநீர் எப்படி உழைப்பாளிகளின் பானமாக அதற்கெதிரே நிறுத்தப்பட்டது என்பதை அவர் விரிவாகக் காட்டியிருக்கிறார். அன்று காப்பிக்கும் தேநீருக்கும் இடையே இருந்த கோடு இன்று தேநீருக்குள்ளேயே வரையப்படுகிறது. கோடு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

இக்கோட்டிற்கு அறிவியல் ஆதாரமும் இல்லை, சுவையின் ஆதாரமும் இல்லை என்பது நமது கருத்து. ஒரு தேயிலை நல்லதா என்பது அதன் நிறத்தைப் பொறுத்ததன்று; அது எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில் விளைந்தது, எப்படிச் செய்யப்பட்டது, அதை நாம் எப்படிக் குடிக்கப் போகிறோம் என்பவற்றின் பொருத்தத்தைப் பொறுத்தது. பொருத்தம் பார்க்கத் தெரியாமல் விலையையும் விளம்பரத்தையும் பார்த்து வாங்குவதால்தான், பலருடைய அலமாரிகளில் பிரித்து இரண்டு கோப்பை மட்டுமே போட்ட பச்சைத் தேயிலைப் பெட்டிகள் பழசாகிக் கொண்டிருக்கின்றன.

*

எல்லாத் தேயிலையும் ஒரே செடியிலிருந்து வருபவை. கமேலியா சினென்சிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். அதில் முதன்மையான இரு வகைகள் உண்டு: சிற்றிலை கொண்ட சீன வகை, பேரிலை கொண்ட அசாம் வகை. வெள்ளைக்கென்று ஒரு செடியும் கறுப்புக்கென்று வேறொரு செடியும் கிடையாது. வேறுபாடு முழுவதும் பறித்த பின்னர் நிகழ்வது.

கத்தரிக்காயையோ வாழைக்காயையோ நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துவிடுவதை அடுக்களையில் நாம் தினமும் காண்கிறோம். தேயிலையிலும் நடப்பது அதுவே. இலை நசுங்கும்போது அதன் உயிரணுக்கள் உடைகின்றன. உள்ளிருக்கும் நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இலையிலுள்ள பாலிபீனால்களை மாற்றத் தொடங்குகிறது. பச்சை செம்பாகி, செம்பு கறுப்பை நோக்கி நகர்கிறது. இம்மாற்றத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் தேயிலை வகைகளின் இலக்கணம்.

பறித்தவுடன் சூடேற்றி நொதியைச் செயலிழக்கச் செய்தால் பச்சைத் தேயிலை. சீனர்கள் பெரும்பாலும் சூடான வாணலியில் வாட்டுகிறார்கள். எனவே அவர்களுடைய தேயிலையில் வறுத்த கொட்டையின் மணம். ஜப்பானியர்கள் ஆவியில் வேகவைக்கிறார்கள். எனவே அவர்களுடைய செஞ்சாவில் இளம்புல்லின் மணம். இளம் மொட்டுகளை உருட்டாமல் கசக்காமல் வாடவிட்டு உலர்த்தினால் வெள்ளைத் தேயிலை. இலையின் ஓரங்களை மட்டும் கசக்கி, மாற்றத்தைப் பாதி வழியில் நிறுத்தினால் ஊலோங். சீனத்தின் ஃபூஜியனும் தைவானும் இதற்குப் பெயர் பெற்றவை. பாதி என்பது கால் பங்காகவும் முக்கால் பங்காகவும் இருக்கலாம் என்பதால் பச்சைக்கு நெருங்கிய ஊலோங்கும் உண்டு, கறுப்புக்கு நெருங்கியதும் உண்டு. வாடவிட்டு, உருட்டி, மாற்றம் நிறைவெய்தும்வரை காத்திருந்து உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. வடித்த சாற்றின் நிறம் கருதிச் சீனர்கள் இதனைச் 'செந்தேயிலை' என்று அழைக்கிறார்கள்.

இந்த மாற்றத்தை நம் மலை ஆலைகளில் இன்றும் 'ஃபெர்மென்டேஷன்' என்றே சொல்கிறார்கள். நாமும் 'நொதிக்க வைத்தல்' என்று எழுதிவிடுகிறோம். தோசை மாவு புளிப்பதுபோல நுண்ணுயிர்கள் இதில் வேலை செய்வதில்லை, இது ஆக்சிஜனேற்றம். நுண்ணுயிர்கள் உண்மையாகவே பங்கெடுக்கும் தேயிலை வேறு: சீனத்தின் யுன்னான் மாநிலத்துப் பூஅர். அது ஆண்டுக்கணக்கில் முதிர்ந்து, மழைக்காலத்து மண்வாசத்தை ஒத்த ஒரு மணத்தைப் பெறுகிறது.

சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு அவசியமாகிறது. 'தேனீர்' என்று எழுதுவோர் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் கோப்பைக்குள் தேன் வந்துவிடுகிறது. 'தே' என்பது ஃபூஜியன் கடற்கரைப் பேச்சுவழக்கில் தேயிலைக்கு உரிய சொல். டச்சு வணிகர்களின் கப்பல்கள் வழியே அது பரவியது. தே+இலை தேயிலை, தே+நீர் தேநீர். நிலவழியே பரவிய மற்றொரு சீனச் சொல் 'சா'. அது வடக்கே 'சாய்' ஆயிற்று, மலையாளத்தில் 'சாயா' ஆயிற்று. தமிழ் இரண்டையும் ஏற்றுக்கொண்டது: குமரி மாவட்டத்தில் சாயா, ஈழத்தில் தேத்தண்ணி. செடியும் ஒன்று, சொல்லும் இரண்டே வேரிலிருந்து கிளைத்தது.

*

அகத்திணை இலக்கணம் பயின்றவர்களுக்கு நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று சொல்லத் தேவையில்லை. தேயிலைக்கும் அவ்விரண்டே முதற்பொருள்.

அசாம் தேயிலை பிரம்மபுத்திரா பாயும் தாழ்ந்த சமவெளியில், கடும் வெப்பத்திலும் பெருமழையிலும் வளர்வது. பேரிலை வகை. சாறு அடர்ந்தது, கனமானது. முளைகட்டிய தானியத்தை வறுத்தாற்போன்ற ஒரு மணம் உடையது. பாலைத் தாங்கி நிற்கும் வலு அதற்கு உண்டு.

டார்ஜிலிங் அதற்கு நேரெதிர். இமயச் சரிவில், குளிரில், பெரும்பாலும் சீனச் சிற்றிலை வகையிலிருந்து விளைவது. இங்கே பொழுதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பறிக்கும் முதல் துளிர் வெளிர்நிறமும் பூமணமும் கொண்டது. மே, ஜூன் மாதத்து இரண்டாம் துளிரில் ஒருவகைத் திராட்சையின் நறுமணம் ஏறுகிறது. மழைக்காலத்தில் பறிப்பது சாதாரணமானது. 2004-இல் இந்தியாவின் முதல் புவிசார் குறியீட்டைப் பெற்றது இத்தேயிலையே. ஆனால் பெட்டியின்மேல் 'டார்ஜிலிங்' என்ற பெயர் மட்டும் இருந்து, எந்தப் பருவத்துப் பறிப்பு என்பது இல்லையென்றால் அப்பெயரால் நமக்குப் பெரிய பயன் இல்லை.

நீலகிரிக்கு வருவோம். இரண்டு பருவமழைகளும் பெய்வதால் அங்கே ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கிறார்கள். ஆயினும் மிகச் சிறந்த பறிப்பு டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலானது. இரவில் உறைபனி விழும், பகல் வறண்டிருக்கும், செடியின் வளர்ச்சி மெதுவாகி இலையில் மணம் செறியும். மலைசார்ந்த குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது என்று இலக்கணம் வகுத்தவர்கள் தேயிலையை அறிந்திருக்க வழியில்லை. மார்கழியும் தையுமான முன்பனியே நீலகிரித் தேயிலையின் உச்சப் பருவமாகவும் அமைந்தது ஓர் இனிய தற்செயல். நீலகிரிச் சாறு ஆறிய பின்னும் பெரும்பாலும் கலங்காமல் தெளிந்திருக்கும். ஐஸ் டீ தயாரிப்போர் அதை விரும்புவதற்கு அதுவே காரணம்.

இலங்கையில் உயரமே அளவுகோல். 600 மீட்டருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை, 1200 மீட்டருக்கு மேலே விளைவது உயர்நிலத் தேயிலை, இடைப்பட்டது இடைநிலம். காலி, மாத்தறைப் பகுதிகளின் தாழ்நிலத் தேயிலை கறுத்தது, கனத்தது. நுவரெலியாவுடையது மெல்லியது. திம்புளைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நற்காலம். ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. அப்போது வீசும் வறண்ட காற்று இலைக்குக் கற்பூரக் குளிர்ச்சியை ஒத்த ஒரு தனி மணத்தைத் தருகிறது. ஒரே தீவுக்குள், இரு மலைச்சரிவுகளுக்கு இரு வேறு பொழுதுகள்.

*

இனி, எல்லோருக்கும் கீழே வைக்கப்பட்ட டஸ்ட் தூளைப் பற்றி.

'டஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லே அதற்குப் பகையாகிவிட்டது. ஆலைத் தரையில் கூட்டி அள்ளியது என்று நம்புவோர் படித்தவர்களிலும் உண்டு. உண்மையில் அது ஒரு சல்லடை அளவின் பெயர். உலர்ந்த தேயிலையைச் சலிக்கும்போது பெரியது, இடைப்பட்டது, சிறியது, மிகச் சிறியது என்று பிரிகிறது. மிகச் சிறியதற்கு அப்பெயர். கோதுமையை அரைத்து ரவையையும் மாவையும் சலித்துப் பிரிக்கிறோம். மாவை ரவையின் குப்பை என்று எவரும் சொல்வதில்லை. பெட்டிகளில் பெருமையாக அச்சிடப்படும் 'ஆரஞ்சு பீக்கோ' என்பதும் இலையின் அளவையும் தோற்றத்தையும் குறிக்கும் தரப்பெயர்தான். அதில் ஆரஞ்சுப் பழத்தின் மணம் தேடுவோர் ஏமாறுவார்கள்.

இந்தியாவின் பால் தேநீரைச் சாத்தியமாக்கியது 1930-களில் அசாமில் உருவான சி.டி.சி. இயந்திரம். நசுக்கு, கிழி, சுருட்டு என்ற மூன்று ஆங்கில வினைகளின் முதலெழுத்துகளே அப்பெயர். வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்கள் கொண்ட உருளைகளின் இடையே இலை புகுந்து சிறு குருணைகளாக வெளிவருகிறது. குருணைகள் சிறியனவாதலால் நீர் படும் பரப்பு மிகுதி. நிறமும் கடுமையும் விரைவில் இறங்குகின்றன. இங்கே மணம் சற்றுக் குறைவு, வலு மிகுதி. பாலுக்கு வேண்டியது வலுதான். பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு பிணைந்து துவர்ப்பைத் தணிக்கிறது. துவர்ப்பு மிகுந்த சாறு அப்பிணைப்புக்குப் பின்னும் எஞ்சி நிற்கும். மெல்லிய சாறு கரைந்து காணாமற்போகும். டார்ஜிலிங் முதல் துளிரில் பாலை ஊற்றுவது எவ்வளவு வீணோ, டஸ்ட் தூளை ஐந்து நிமிடம் ஊறவைத்துப் பாலின்றிக் குடிப்பதும் அவ்வளவு வதை. குறை இலையினுடையதன்று, பொருத்தம் பார்க்காதவருடையது.

'பால் சேர்த்தால் அது தேநீரே அன்று' என்று சொல்லும் தூய்மைவாதிகள் நம் சிற்றிதழ் வட்டத்திலும் பெருகிவருகிறார்கள். அவர்கள் மேற்கோள் காட்டும் சீன மரபைச் சற்றுக் கூர்ந்து பார்க்கலாம். தேயிலைக்கென்று எழுதப்பட்ட முதல் பெருநூல் எட்டாம் நூற்றாண்டில் லூ யூ இயற்றிய 'சா சிங்'. அவர் தம் காலத்தவர் வெங்காயத் தாளும் இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் போட்டுத் தேயிலையைக் கொதிக்க வைத்ததைக் கண்டு சலித்துக்கொண்டவர். சாக்கடை நீருக்கு ஒப்பிட்டவர். அந்தத் தூய்மைவாதியே தம் தேநீரில் உப்புப் போட்டார். அவர் அறிந்த தேயிலை அச்சுக்கட்டியாக அழுத்தப்பட்டது. அதைப் பொடித்துக் கொதிநீரில் இட்டார். பொடித்த தேயிலையை நீரில் அடித்து நுரைக்கச் செய்யும் முறை பின்னர் சோங் காலத்தில் வந்தது. ஜப்பானியரின் மச்சா அதன் தொடர்ச்சி. கட்டித் தேயிலையைக் கப்பமாகச் செலுத்தும் வழக்கத்தை 1391-இல் மிங் பேரரசர் நிறுத்திய பின்னரே உதிரி இலையை நீரில் ஊறவைத்து அருந்தும் முறை சீனத்தில் ஓங்கியது. இன்று 'தூய மரபு' என்று நமக்குக் காட்டப்படுவது இந்த மூன்றாம் கட்டம். திபெத்தியர் வெண்ணெயும் உப்பும் சேர்க்கிறார்கள். காஷ்மீரில் சோடா உப்பிட்டு இளஞ்சிவப்பாக்கிப் பாலும் ஊற்றுகிறார்கள். நம்மவர்களில் ஒருசாரார் எலுமிச்சை பிழிந்து சுலைமானி என்கிறார்கள். பாய்லரின் கொதிநீரில் துணிப்பை வழியே டிகாஷன் இறக்கி, பால் சேர்த்து, கையுயர ஆற்றி நுரை எழுப்பும் டீ மாஸ்டரின் முறையும் இவற்றோடு வைத்து எண்ணத்தக்க ஒரு மரபே.

அதற்காக எல்லாக் கடைத் தேநீரும் நல்லது என்று வாதிட மாட்டோம். மணிக்கணக்கில் சூட்டிலேயே கிடந்த டிகாஷன், சாயம் ஏற்றிய மலிவுத் தூள், கேட்காமலே அள்ளிப் போடும் சர்க்கரை ஆகிய மூன்றும் கண்டிக்கத்தக்கவை. ஆனால் அவை செய்பவரின் குறைகள். தேயிலை வகையின் இழிவு அல்ல.

*

உடல்நலத்தின் பெயரால்தான் இன்று பெருமளவு தேயிலை விற்கப்படுகிறது. பச்சைத் தேயிலையில் கேட்டகின்கள் மிகுதி என்பது உண்மை. கறுப்புத் தேயிலையில் அவை தியாஃபிளேவின் முதலிய வேறு பொருள்களாக மாறியிருக்கின்றன, அழிந்துபோய்விடவில்லை. பச்சைத் தேநீரில் கஃபீன் இல்லை என்று நம்பி இரவில் குடித்துவிட்டு உறக்கம் வராமல் புரள்வோர் உண்டு. எல்லாத் தேயிலையிலும் கஃபீன் உண்டு. கோப்பையில் எவ்வளவு இறங்குகிறது என்பது இலையின் அளவையும் நீரின் சூட்டையும் ஊறும் நேரத்தையும் சார்ந்தது. உடல் எடையைக் குறைக்கும் என்ற வாக்குறுதிக்குக் கிடைக்கும் சான்று, விளம்பரத்தின் உரத்த குரலுக்கு ஈடாகாது.

நாம் கவலைப்பட வேண்டியவை வேறு. முதலாவது, சர்க்கரை. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்று நாளுக்கு நான்கு கோப்பை குடித்தால் 32 முதல் 40 கிராம் வரை ஆகிவிடும். வெளியிலிருந்து சேரும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் அடக்கினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இரண்டாவது, இரும்புச்சத்து. காய்கறி, தானியங்களிலிருந்து இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தடுக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அத்தகைய நாட்டில், உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தாமல் ஒரு மணி நேரமேனும் இடைவெளி விடுங்கள் என்பதே தலையாய அறிவுரையாக இருக்க வேண்டும். இது வெள்ளைக்கும் பச்சைக்கும் கறுப்புக்கும் பொது. மூன்றாவது, சூடு. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தை அருந்துவதும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. ஆற்றிக் குடிக்கும் நம் பழக்கம் இவ்வகையில் அறிவுடையது.

'மூலிகைத் தேநீர்' என்ற பெயரில் ஆவாரம்பூவும் செம்பருத்தியும் துளசியும் விற்கப்படுகின்றன. அவற்றில் தேயிலை இல்லை. நல்லவை என்றால் அருந்தலாம். ஆனால் குடிநீர், கசாயம் என்ற சொற்கள் நம்மிடம் இருக்கும்போது 'டீ' என்ற போர்வை எதற்கு?

*

ஆகவே, தமக்குரிய தேயிலையைத் தேர்வது எப்படி?

முதல் கேள்வி: பால் சேர்ப்பீர்களா? ஆம் எனில் உங்களுக்குரியது சி.டி.சி. தேயிலை. கனம் வேண்டுமானால் அசாம் குருணை. நிறமும் விறுவிறுப்பும் போதுமென்றால் நீலகிரி டஸ்ட். இரண்டையும் கலந்தும் பார்க்கலாம். தூளை நீரில் இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள், அதற்குமேல் வேண்டாம். பாலைத் தனியே காய்ச்சிச் சேருங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மேலான விலை கொடுத்து மென்மையான இலையை வாங்கிப் பாலில் மூழ்கடிப்பதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

பாலின்றி, சிறிது சர்க்கரையோ எலுமிச்சையோ பனங்கற்கண்டோ சேர்ப்பவர் எனில், மரபுமுறையில் உருட்டிய நீலகிரி இலை அல்லது இலங்கையின் திம்புளை. 'ஆர்த்தடாக்ஸ்' என்று பெட்டியில் குறித்திருப்பார்கள். ஒரு கோப்பைக்கு ஏறத்தாழ 2 கிராம், கொதிநீர், மூன்று நிமிடம். ஈழத்தவரின் வெறுந்தேத்தண்ணி, கேரளத்தின் கட்டன் சாயா, கொங்குநாட்டின் வரடீ ஆகியவற்றில் பழகிய நாவுக்கு இது அயலாகத் தோன்றாது.

எதுவும் சேர்க்காமல் அருந்துவதில் விருப்பமுள்ளவர் நீலகிரியின் பனிக்காலப் பறிப்பிலிருந்து தொடங்கலாம் என்பது நமது பரிந்துரை. பின்னர் டார்ஜிலிங் இரண்டாம் துளிர், அதன்பின் ஊலோங். ஊலோங்கின் சிறப்பு, ஒரே இலையில் மூன்று நான்கு முறை நீர் ஊற்றலாம், ஒவ்வொரு முறையும் சுவை சற்று மாறும் என்பது.

பச்சைத் தேயிலை கசக்கிறது என்று கைவிட்டவர்களில் பலர் அதன்மேல் கொதிநீரை ஊற்றியவர்கள். அதற்கு 75, 80 டிகிரி போதும். நேரமும் இரண்டு நிமிடத்தைத் தாண்டலாகாது. வெப்பமானி வேண்டியதில்லை. கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு முறை மாற்றுங்கள். ஏறத்தாழ அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். அப்படிச் செய்தும் பிடிக்கவில்லையென்றால், பிடிக்கவில்லை என்று துணிந்து சொல்லிவிட்டு நகரலாம். பிடிக்காத ஒன்றை அருந்துவது தவமாகாது.

நீரை மறக்கக்கூடாது. லூ யூ மலையூற்று நீரை முதலாகவும் ஆற்று நீரை இரண்டாவதாகவும் கிணற்று நீரைக் கடையாகவும் வைத்தார். நம் நகரங்களின் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர் எந்த உயர்ந்த இலையையும் மங்கச் செய்யும்; மேலே ஏடு படியும். இலையை மாற்றுவதற்கு முன் நீரை மாற்றிப் பாருங்கள்.

வாங்கும்போது 50 கிராமுக்கு மேல் வேண்டாம். இரண்டு வகைகளை ஒரே வேளையில், ஒரே அளவில் வடித்து அருகருகே வைத்துச் சுவையுங்கள். வேறுபாடு அப்போதுதான் புலப்படும். தூளில் ஐயம் இருந்தால் வடிதாளில் பரப்பி நீர் தெளித்துப் பாருங்கள். சாயம் ஏற்றியது உடனே கறைபடியும்.

*

கடைசியாக ஒன்று. தேயிலையின் நிறம் மாறுவது ஆலையில். பறிக்கும் கை மாறுவதில்லை. ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கும் மேலான பச்சைக் கொழுந்து வேண்டும். அதை ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கை, நீலகிரியிலும் வால்பாறையிலும் மூணாறிலும் இலங்கை மலையகத்திலும், பெரும்பாலும் ஒரு தமிழ்ப் பெண்ணின் கையாக இருந்துவந்திருக்கிறது.

1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்தபோது மலையகம் முழுவதும் தேயிலை மூடியது. அதை மூடியவர்கள் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. அவ்வாறு வந்தவர்களுக்கு வேலை தரவே 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. டான்டீ என்று நாம் அறிவது அதுவே. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தின்மீது காவல்துறை பாய்ந்தபோது தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. 2015-இல் மூணாற்றின் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தாமே தெருவில் அமர்ந்து போராடினார்கள். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யையும், பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கிய நாவலையும் வாசித்தவர்களுக்கு இவ்வரலாற்றை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

வாசகராகிய நமது தேர்வு இவ்வரலாற்றை மாற்றிவிடும் என்று நாம் மயங்கவில்லை. ஆனால் கூடுதல் விலை கொடுக்க மனமிருந்தால், அதை உடல்நல வாக்குறுதி அச்சிட்ட பெட்டிக்குக் கொடுக்காமல், தோட்டத்தின் பெயரும் பறித்த மாதமும் அச்சிட்ட பொட்டலத்துக்குக் கொடுக்கலாம். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அங்கே கூலி என்ன, லயங்களின் நிலை என்ன என்று கேட்கவாவது முடியும். பெயரற்ற தூளிடமும் பெயரற்ற வெள்ளைத் தேயிலையிடமும் அக்கேள்வியைக் கேட்க இயலாது. எனவே அடுத்தமுறை தேயிலை வாங்கும்போது அதன் வருணத்தை விட்டுவிட்டு, ஊரையும் மாதத்தையும் விசாரிப்போம். பிறகு பால் ஊற்றுவதும் ஊற்றாததும் அவரவர் விருப்பம்.